திம்பம் மலைப்பாதை: டிரங்கா, செகண்டரியா? பெயர் என்ன போடுவது?

சத்திலாரி:
நேற்று ராத்திரி, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், சத்தியமங்கலம் (சத்தி) பக்கம் பண்ணாரியிலிருந்து திம்பம் வரைக்கும் உள்ள மலைப்பாதையை டிரங்க் என்ற பெரிய சாலை வகுப்பிலிருந்து அதைவிடச் சின்ன செகண்டரி வகுப்புக்கு இறக்கினேன். காலையில் பார்த்தால் திரும்பவும் டிரங்க். மாற்றியவர் விட்டிருந்த குறிப்பு: "என்.எச். 948, அதனால் டிரங்க்." அவ்வளவுதான். ஏன் இறக்கினேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு லாரி ஓடுகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த டிரைவர் கோவையில் லோடு ஏற்றிக்கொண்டு மைசூருக்குக் கிளம்பினார். தெற்கத்திக்காரர், இந்த மலை அவருக்குப் பழக்கமில்லை. போனில் இருந்த ஒரு ஆப், அன்னூர், புளியம்பட்டி, சத்தி, திம்பம் என்று நேராக இழுத்துவிட்டது. பண்ணாரி சோதனைச்சாவடியில் எடை பார்த்தார்கள். 16.2 டன்னுக்கு மேல் என்று ஏற விடவில்லை. அவர்கள் செய்தது சரிதான். வண்டி திரும்பி சேலம், ஓசூர், பெங்களூர் என்று சுற்றியதில் டீசலும் போயிற்று, ஒரு நாளும் போயிற்று.

ஏறியிருந்தால் இன்னும் மோசம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. நீளமான வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பாது. கிளீனர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். டிரைவர் ஒரு முழம் பின்னால் எடுப்பார், மறுபடி கட்டை, மறுபடி முன்னால். அதுவரைக்கும் மேலேயும் கீழேயும் பஸ், பால் வண்டி எல்லாம் வரிசையில் நிற்கும். இந்தப் பாதையையும் சேலம்–கோவை நாலுவழிச் சாலையையும் ஒரே வகுப்பில் வைத்தால் டிரைவருக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகாதா?

அன்னூர்வரைவு:
மாற்றினது நான்தாங்க. ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனது என் தப்பு, மன்னிக்கணும். ஆனால் மாற்றினது தப்பில்லை.

சாலை நன்றாக இருக்கிறதா, வளைவு அதிகமா என்பதெல்லாம் வகுப்பில் வராது. ஊர்களை இணைக்கிற பின்னலில் அந்தச் சாலைக்கு என்ன இடம் என்பதுதான் வகுப்பு. இந்திய வரைபடத்தில் நாம் பழகிவந்த முறை: தேசிய நெடுஞ்சாலை டிரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, மாவட்ட முக்கியச் சாலை செகண்டரி. இதில் எனக்குப் பிடித்ததே, யார் வேண்டுமானாலும் நேரில் போய்ச் சரிபார்க்கலாம் என்பதுதான். கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் தலை என்றால் தேசியம், பச்சை என்றால் மாநிலம். கல் இருக்கிற இடத்தில் சண்டை வராது.

கல்லட்டியில் 36 வளைவு, கொல்லிமலையில் 70. வளைவை எண்ணி வகுப்பு போட ஆரம்பித்தால் எந்த எண்ணிக்கையில் நிறுத்துவது? நீங்கள் ஒன்றை இறக்குவீர்கள், இன்னொருவர் தன் வீட்டுத் தெருவை ஏற்றுவார்.

சத்திலாரி:
கல்லை நம்புங்கள், சரி. அந்தக் கல்லில் முன்னே 209 என்று இருந்தது. 2010 மறு எண்ணிடலுக்கு அப்புறம் 948. எங்கள் டிரைவர்களில் பாதிப்பேர் இன்னும் 209 என்றுதான் சொல்கிறார்கள். எங்கேயோ உட்கார்ந்து எண் கொடுக்கிறவர் மலையில் லாரி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லையே.

இன்னொன்று. ஓ.எஸ்.ஆர்.எம். வழிதேடும் மென்பொருளின் கார் அமைப்பைத் திறந்து பார்த்தேன். வேகம் எதுவும் குறிக்காத டிரங்க் சாலைக்கு அது மணிக்கு 85 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. செகண்டரிக்கு 55. திம்பத்தில் 85! அந்தக் கணக்கில் வழி சொன்னால் யார்தான் இந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள்?

கோவைநிரல்:
குறுக்கே வருகிறேன். அந்த 85 என்பது வேகம் எழுதாத சாலைக்கு மட்டும்தான். மேக்ஸ்ஸ்பீட் (அதிகபட்ச வேகம்) என்ற டேக், அதாவது சாலையோடு சேர்த்து எழுதுகிற தகவல் குறிப்பு, போட்டால் அதை எடுத்துக்கொள்ளும். மலைப்பாதையில் வேகப் பலகை இருந்தால் அதில் உள்ள எண்ணை அப்படியே எழுதலாம். எடைக்கு மேக்ஸ்வெயிட் இருக்கிறது. இரவில் இந்த வழியில் வண்டிகளுக்கு உள்ள தடைக்கு, எந்த நேரம் என்று எழுதுகிற கண்டிஷனல் டேக் இருக்கிறது. லாரியைத் தடுக்க இத்தனை வழி இருக்கும்போது வகுப்பில் கை வைத்தால், லாரிக்காக எல்லோருக்கும் தகவலைத் திரித்ததாகிவிடும். நேரம் தப்பாகக் காட்டுகிறது என்ற உங்கள் குறை நியாயம். மருந்துதான் வேறு.

ஆனால் அன்னூர்க்காரர் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இரவுத் தடை வந்தது. வருஷக்கணக்காகியும், வரைபடத்தில் அந்தச் சாலைக் கோட்டில் (வே) ஒரு கண்டிஷனல் டேக்கூட இல்லை. டிரங்க் என்று காவல் காத்தோம், தடையை எழுத ஒருவரும் மெனக்கெடவில்லை. நானும் சேர்த்துத்தான்.

16.2 டன்னிலும் ஒரு சிக்கல். 2018-க்கு முன்னால் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பே 16.2தான், பிறகு 18.5 ஆக உயர்த்தினார்கள். அதனால் பலகையில் எழுதியிருப்பது அன்றைக்கு ஏற்றியிருக்கிற எடையா, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையா என்று பார்க்கணும். இரண்டுக்கும் தனித்தனி டேக். செய்தியைப் படித்துவிட்டு எழுதக்கூடாது, பலகையைப் பார்த்து எழுதணும்.

தாளவாடிமலை:
எல்லோரும் கீழே இருந்தே பேசுகிறீர்கள். நான் மேலே இருப்பவன்.

எங்களுக்கு இது மைசூர் போகிற வழி இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே சத்தி ஆஸ்பத்திரிக்கோ, கலெக்டர் ஆபீசுக்கோ, பிள்ளைகளின் காலேஜுக்கோ போக இதுதான் வழி. இன்னொரு வழி என்றால் கர்நாடகா போய்ச் சுற்றணும். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை இந்த 27 வளைவில் இறக்கிக் கொண்டுபோனவர்களைக் கேளுங்கள், இது எந்த வகுப்புச் சாலை என்று. செகண்டரி ஆக்கினால் வரைபடத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கும்போதே கோடு மறைந்துவிடும், ஆசனூரும் தாளவாடியும் காட்டுக்குள் தனியாக மிதக்கும். லாரிக்கு ஒரு நாள் நஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எங்கள் சாலையைச் சின்னதாக்காதீர்கள் அண்ணா.

அன்னூர்வரைவு:
முடிவில் உங்களோடுதான் நிற்கிறேன், காரணத்தில் இல்லை. திரையில் கோடு மறையுமே என்று வகுப்பு போடக்கூடாது, ஆப் தப்பாகக் காட்டுகிறதே என்றும் போடக்கூடாது. ஆனால் ஒரு தாலுக்காவையே மாவட்டத்தோடு இணைக்கிற சாலை என்றீர்களே, அது போதும். கல்லே இல்லாவிட்டாலும் அது பெரிய சாலைதான்.

தாளவாடிமலை:
அப்படியே பெயரையும் பேசிவிடலாம். மலைப்பாதைக்கு நேம் என்ற இடத்தில் "என்.எச். 948" என்று போட்டிருக்கிறது. அது பெயரா?

அன்னூர்வரைவு:
இல்லை. எண்ணுக்கு ரெஃப் என்ற தனி இடம் இருக்கிறது, அங்கே போகணும். பழைய 209-ஐயும் பழைய எண் என்று தனியாகச் சேர்க்கலாம், டிரைவர்கள் தேடுவார்கள். பெயர் இடத்தைக் காலியாக விடலாம். கோயம்புத்தூர்–பெங்களூரு சாலை என்று முழு நீளத்துக்கும் ஒரே பெயர் போடச் சிலர் கேட்கிறார்கள். அது எனக்கும் சம்மதமில்லை.

சத்திலாரி:
காலியாக ஏன் விடணும்? நம் ஊர்ச் சாலைக்கு அது போகிற ஊர்தான் பெயர். காந்திபுரத்தில் நின்று கேட்டால் சத்தி ரோடு. அதே ரோடு சத்திக்கு வந்ததும் கோவை ரோடு. ஊரைத் தாண்டிப் பண்ணாரிப் பக்கம் போனால் மைசூர் ரோடு. நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறும், அதில் யாரும் குழம்பினதில்லை. துண்டு துண்டாக வெட்டி அந்தந்த இடத்துப் பெயரைப் போடுங்கள். மலைக்கு "திம்பம் மலைப்பாதை".

அன்னூர்வரைவு:
வெட்டுவது எங்கே? கோவை ரோடு எந்த இடத்தில் சத்தி ரோடு ஆகிறது என்று புளியம்பட்டியில் பத்துப் பேரைக் கேளுங்கள், பத்து இடம் சொல்வார்கள். கடைப் பலகையில் உள்ள முகவரியை வைத்து ஊருக்குள் பெயர் போடலாம். இரண்டு ஊருக்கு நடுவே கடையும் இல்லை, பலகையும் இல்லை. அங்கே காலியாக இருப்பதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். திம்பம் மலைப்பாதைக்கு மட்டும் தடை இல்லை. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கோவைநிரல்:
எல்லை தாண்டின பிறகு கன்னடத்தில் என்ன பெயரோ அதுதான் நேம். தமிழ்ப் பெயர் அதற்குரிய டேக்கில் இருக்கட்டும். அங்கே போய்த் தமிழில் மாற்றிவிட்டு வராதீர்கள், இங்கே அவர்கள் மாற்றினால் நமக்கு எப்படி இருக்கும்?

சத்திலாரி:
சரி, டிரங்க்காகவே இருக்கட்டும். தாளவாடித் தம்பி சொன்னதைப் படித்த பிறகு அதை இறக்க மனசு வரவில்லை. ஆனால் எடையும் நேரமும் ஏறுகிற வரைக்கும் நான் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பண்ணாரிக்குப் போய்ச் சோதனைச்சாவடிப் பலகையைப் படம் எடுத்துப் போடுகிறேன். வண்டி வகைக்கு வகை நேரம் வேறு, அதனால் முழுப் பலகையும் தெரிகிற மாதிரி எடுப்பேன். மலையில் வேகப் பலகை எங்கெங்கே இருக்கிறதோ அதையும். பெயர் விஷயத்தில் அன்னூர்க்காரரோடு நான் ஒத்துப்போகவில்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.

தாளவாடிமலை:
மேலே கர்நாடக எல்லையில் இருக்கிற காரப்பள்ளம் சோதனைச்சாவடி பக்கத்துப் பலகை என் பொறுப்பு. சாயங்காலம் அங்கே நிற்க முடியாது, கரும்பு லாரிக்காக யானை வந்து நிற்கும். காலையில் பஸ்ஸில் போய் எடுத்துவிட்டு வருகிறேன்.