முகாமில் பிறந்தவர்களின் குடியுரிமை: எல்லோருக்கும் ஒரே வழக்கா, ஒருவருக்கான வழக்கா?

கேள்வி: சட்ட மாணவி, திருச்சி

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் சட்ட உதவி செய்யும் சிறு குழுவொன்றில் இருக்கிறேன். முகாமில் பிறந்து இங்கேயே படித்து வளர்ந்தும், எந்த நாட்டின் குடிமக்கள் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும் இளைஞர்கள் எங்களிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பொதுநல வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது குழுவில் ஒரு தரப்பு. வெல்லக்கூடிய ஒருவரின் வழக்கை முதலில் நடத்தி, அந்தத் தீர்ப்பைக் கொண்டு மற்றவர்களுக்கு வழி திறக்கலாம் என்கிறது மறுதரப்பு. அகதிகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லாத, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நம் நாட்டில் எது பயன் தரும்?

பதில்: வழக்கறிஞர், மதுரை

இரண்டுக்கும் இடமுண்டு, ஆனால் வெவ்வேறு இடங்களில். இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து அகதிகளாக வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்ந்த சக்மா மக்களை வெளியேறச் சொல்லி மிரட்டல் எழுந்தபோது, தேசிய மனித உரிமை ஆணையமே உச்ச நீதிமன்றம் சென்றது. உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பு குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் பொருந்தும் என்று 1996இல் நீதிமன்றம் அவர்களைக் காத்தது. ஆபத்து எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் அங்கே பொது வழக்கு சரியாக அமைந்தது.

குடியுரிமை அப்படியல்ல. மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கில், 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மனுதாரர்களின் துயரத்தை முழுமையாக உணர்ந்து எழுதியது. ஆனால் குடியுரிமை வழங்குவது மத்திய அரசின் அதிகாரம் என்பதால், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்வதோடு அதற்கு நிற்க வேண்டியதாயிற்று. அதே நீதிமன்றத்துக்கு 2022இல் வந்தவர், மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண். 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராயினும் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு. அவர் கருணை கேட்கவில்லை. ஏற்கெனவே குடிமகளாக இருக்கும் தமக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது தவறு என்று மட்டும் வாதிட்டு வென்றார், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். இத்தகைய வழக்கையே முதலில் தேடிப் பிடிக்க வேண்டும் என்பேன்.

தவறான வழக்கு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதையும் மறவாதீர்கள். தண்டனை முடித்த ஒரு இலங்கைத் தமிழரின் மனுவை 2025 மே மாதத்தில் தள்ளுபடி செய்தபோது, உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கூறியது. அது சட்டப்படி முன்னுதாரணம் ஆகாது. இருந்தும் முகாம்களில் வாழும் குற்றமற்ற ஆயிரக்கணக்கானோரின் மனுக்களுக்கு எதிராக அந்த வாக்கியம் இனி எடுத்துக்காட்டப்படும்.

பதில்: மெல்பர்னிலிருந்து

ஆஸ்திரேலியாவில் எங்கள் அனுபவமும் இதுவே. நாடற்ற ஒருவரை, அனுப்ப இடமே இல்லாத நிலையிலும், காலவரையின்றித் தடுப்புக்காவலில் வைக்கலாம் என்று அல்-காதெப் வழக்கில் 2004இல் இந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் வந்த அத்தீர்ப்பு, நாடற்ற ரோஹிங்யா ஒருவரின் வழக்கில் 2023 நவம்பரில் ரத்தாகும்வரை எத்தனையோ பேரின் வாழ்க்கையைத் தின்றது. வென்றாலும் ஓய முடியாது. படகில் வந்தவர்களை மலேசியாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2011இல் நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி வேறு தீவுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. வழக்குத் தொடுக்கும் நாளிலேயே, தீர்ப்புக்குப் பின் அரசு என்ன செய்யும் என்பதற்கும் தயாராக இருங்கள்.

பதில்: முகாமில் வளர்ந்தவன்

வழக்கறிஞர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் யாரை முன்நிறுத்தப் போகிறீர்களோ அவரிடம் முதலில் பேசுங்கள், தங்கச்சி. வழக்குப் போட்ட பிறகு முகாம்களைக் கண்காணிக்கும் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரணைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வழக்கு இழுத்தால் அவருடைய திருமணம், வேலை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் காத்துக் கிடக்கும். சமரசமாக அவருக்கு மட்டும் ஏதேனும் தரப்பட்டால், மற்றவர்களுக்காக அதை மறுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. பிறப்புச் சான்றிதழ், முகாம் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எங்கள் முகாமில் பலருக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 1987க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு வழியே இல்லையா?

பதில்: வழக்கறிஞர், மதுரை

பெற்றோர் இருவருமே இந்தியக் குடிமக்கள் அல்லாதபோது பிறப்பால் குடியுரிமை கோர முடியாது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்கீழ், நெடுங்காலம் இங்கு வசித்தவர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாமா என்பது விவாதிக்கத்தக்கது. அதற்குத் தடையாக நிற்பது சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறை. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தவர் என்பதே அதன் அடிப்படை. இங்கேயே பிறந்த பிள்ளை எந்த எல்லையைக் கடந்து நுழைந்தது? 2015 ஜனவரி 9ஆம் தேதிவரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, 2025ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசே விலக்கு அளித்திருக்கிறது. அது குடியுரிமை ஆகாது எனினும் வாதத்துக்கு வலு சேர்க்கும். ஆவணங்களில் முரண் இல்லாத ஒருவரை விண்ணப்பிக்கச் செய்து, மறுப்பு எழுத்து மூலமாக வந்த பிறகு, இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து ரிட் மனு தாக்கல் செய்யுங்கள்.