3 ஸ்டாரா 5 ஸ்டாரா? நாளைக்குள் சொல்லுங்கள், தள்ளுபடி முடிகிறது

வில்லாபுரம்வாசி, இரவு 9.50
வணக்கம். வீட்டுக்கு ஏ.சி. வாங்கப் போகிறேன். கரண்ட் பில் எகிறக் கூடாது, அதுதான் முக்கியம். 1.5 டன்னில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் 9,000 ரூபாய் வித்தியாசம். 5 ஸ்டார் எடுத்தால் பில் பாதியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். நிஜமா? சீக்கிரம் ப்ளீஸ்.

கொண்டல், இரவு 9.58
எந்த ஊர், எத்தனை சதுர அடி, மொட்டை மாடிக்குக் கீழா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? எதையுமே சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

ஸ்பேனர், இரவு 10.06
ஸ்டாரை விடுங்க சார். வெளியில் வைக்கும் யூனிட்டில் காப்பர் காயிலா என்று மட்டும் பாருங்கள். தூத்துக்குடியில் 11 வருஷமாக இதே வேலை. உப்புக்காற்றில் அலுமினியத் தகடு விரலால் தொட்டாலே மாவு மாதிரி உதிரும், அதைப் பார்த்தால் நீங்கள் ஸ்டார் எண்ணிக்கொண்டு உட்கார மாட்டீர்கள்.

பழைய பஞ்சாங்கம், இரவு 10.15
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு மூன்று முறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. போகட்டும். ஸ்டார் என்பது நிரந்தரப் பட்டம் கிடையாது தம்பி. 2022 ஜூலையில் விதியை இறுக்கியபோது 5 ஸ்டாராக இருந்த பல மெஷின்கள் 4 ஸ்டாராக இறங்கின. அதனால் நட்சத்திரத்தை எண்ணாமல் லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை, அதாவது தின்கிற கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற கணக்கைப் பார்க்கவும், லேபிள் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்க்கவும். தள்ளுபடியில் தள்ளுவது பெரும்பாலும் பழைய சரக்குதான். இதற்கு மேல் ஸ்பூனில் ஊட்ட முடியாது.

வில்லாபுரம்வாசி, இரவு 10.31
மன்னிக்கணும் சார். மதுரை. மாடி வீடு, மேலே மொட்டை மாடிதான். அறை 12க்கு 14. இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும். போன தடவை பில் 240 யூனிட்.

கொண்டல், இரவு 10.52
இப்போதுதான் கணக்குப் போட முடிகிறது. லேபிளில் இருக்கும் வருடாந்திர யூனிட் 1600 மணி நேரத்துக்கானது. நீங்கள் சொல்லும் 8 மணி நேரம் என்றால் அது 200 இரவு. லேபிளில் 3 ஸ்டாருக்கு 1050, 5 ஸ்டாருக்கு 780 என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 480 மணி நேரம், அதாவது முறையே 315, 234 யூனிட். உங்கள் 240ஐச் சேர்த்தால் ஒன்று 555, இன்னொன்று 474. ஆகவே பாதியெல்லாம் ஆகாது, கடைக்காரர் கதை விடுகிறார். ஆனால் நம்மூர்க் கணக்கில் 500ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலையும் போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காகவே நானாக இருந்தால் 5 எடுப்பேன். கடையில் லேபிளைப் போட்டோ எடுத்து வந்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேலூர் வெயில், இரவு 11.04
இவ்வளவு கணக்கு எதற்கு? ஏர்கூலர் வாங்குங்கள். 200 வாட்டுக்குள் முடியும். எங்கள் ஊர்க் கத்திரி வெயிலிலேயே ஐந்து வருஷமாகக் கூலர்தான்.

திருவொற்றியூரான், இரவு 11.09
அண்ணே, உங்கள் ஊர்க் காற்று காய்ந்தது, அதனால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். எங்கள் பக்கம் வந்து கூலர் போட்டுப் பாருங்கள், தலையணையைப் பிழியலாம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது அது ஃபேன் வேலையைத்தான் செய்யும், கூடவே கொசு வளர்க்கும்.

வேலூர் வெயில், இரவு 11.13
அவர் கேட்டது மதுரைக்கு, திருவொற்றியூருக்கு இல்லை. வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவினால் கொசு எங்கிருந்து வரும்? சோம்பேறித்தனத்துக்கு மெஷினைக் குறை சொல்லாதீர்கள்.

திருவொற்றியூரான், இரவு 11.15
யாருக்கு சோம்பேறித்தனம்?

ஸ்பேனர், இரவு 11.20
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. மொட்டை மாடிக்குக் கீழ் என்று அவர் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி 11 மணிக்கும் அனலை இறக்கும். உள்ளங்கையைச் சீலிங்கில் வைத்துப் பாருங்க சார், தோசைக்கல் ஆறுகிற சூடு இருக்கும். அந்தச் சூட்டில் லேபிள் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் கரண்ட் ஆகும். முதலில் மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்க, அப்புறம் 1.5 டன் போதும். ஏ.சி.யை 24லிருந்து 26க்குள் வைத்து ஃபேனையும் ஓட விடுங்க, 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்காதீர்கள். கதவு, சன்னல் இடுக்கெல்லாம் சரியாக மூடுமா?

வில்லாபுரம்வாசி, இரவு 11.34
சன்னல் நன்றாக மூடும். அறைக்குக் கதவு இல்லை, வளைவு வைத்துக் கட்டியது, ஸ்கிரீன் தொங்குகிறது. அந்தப் பக்கம் ஹால், ஹாலிலிருந்து மாடிப்படி.

கொண்டல், இரவு 11.36
கதவே இல்லையா????

ஸ்பேனர், இரவு 11.37
சார், இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா?

வில்லாபுரம்வாசி, இரவு 11.38
ஸ்கிரீன் தடிமனானதுதான் சார்.

பழைய பஞ்சாங்கம், இரவு 11.45
படிக்கட்டையும் சேர்த்துக் குளிர்விக்க 5 ஸ்டார் என்ன, வானத்து நட்சத்திரம் மொத்தத்தையும் ஒட்டினாலும் பத்தாது. இன்வர்ட்டர் ஏ.சி. கரண்டை மிச்சம் பிடிப்பதே அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் வேகத்தைக் குறைப்பதால்தான். உங்கள் வீட்டில் அது விடிய விடிய முழு வேகத்தில் ஓடும். இத்துடன் நான் விலகிக்கொள்கிறேன்.

வேலூர் வெயில், இரவு 11.47
கூலருக்குத் திறப்பு வேண்டும், ஈரக்காற்று வெளியேறணும். கதவில்லாத அறைக்குப் பொருத்தம் எது என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம் 😄

திருவொற்றியூரான், இரவு 11.49
இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கொண்டல், மறுநாள் காலை 7.15
வில்லாபுரம், இருக்கிறீர்களா? அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் கதவு.

ஸ்பேனர், மூன்றாம் நாள்
சார் என்ன ஆச்சு?

வில்லாபுரம்வாசி, ஒன்பதாம் நாள்
ஆசாரி நேற்றுதான் வந்து அளவெடுத்துப் போனார். 5 ஸ்டார் மறுநாளே வாங்கியாச்சு, பெட்டி பிரிக்காமல் ஹாலில் இருக்கிறது, பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுகிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

கொண்டல், ஒன்பதாம் நாள்
அந்தத் தள்ளுபடி முடிந்துவிட்டதா?

வில்லாபுரம்வாசி, ஒன்பதாம் நாள்
இல்லை, மாதக் கடைசி வரை நீட்டித்துவிட்டார்கள்.