ஏரிக்கரையில் ட்ரெய்லர்: ஒன்டாரியோ காம்பிங் அனுபவப் பகிர்வு

கூடாரத்தை மடித்து வைத்துவிட்டு, படுக்கை, அடுப்பு, கழிவறையோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் 22, 24 அடி ட்ரெய்லருக்கு மாறியிருக்கும் நம்மவர்கள் கனடாவின் ஒன்டாரியோவில் பலர். பான் எக்கோ, சேண்ட்பேங்க்ஸ், அல்கோன்குவின் என்று எந்த மாகாணப் பூங்காவுக்குப் போனாலும் எல்லோரும் தேடுவது தண்ணீரோரத்தைத்தான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: சரிவு, மணல், ஈரம், காற்று, மிருகங்கள். அவரவர் கண்டதை எழுதுங்கள். இடம் பிடிப்பதிலிருந்து நான் தொடங்குகிறேன்.

மாகாணப் பூங்காக்களின் முன்பதிவு, போய்ச் சேரும் நாளுக்கு 5 மாதம் முன்னால் காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் 1 வேண்டுமென்றால் மார்ச் 1 காலை உட்கார வேண்டும். கரையோர இடங்கள் சீக்கிரம் போய்விடும் என்ற பதற்றத்தில் படத்தை மட்டும் பார்த்துப் பதிந்துவிடாதீர்கள். இடத்தின் நீளம், மின்சாரம், தரை சரளையா புல்லா மணலா, சரிவு எவ்வளவு, இந்த நான்கையும் பாருங்கள். ஏரியோர இடம் பெரும்பாலும் ஏரியை நோக்கித்தான் சரியும். பின்னோக்கி இறக்கும்போது எளிதாக உள்ளே போகும். இரண்டு நாள் மழை பெய்த பிறகு ஈரப் புல்லில் 3,000 கிலோவை மேட்டில் இழுக்கும்போதுதான் சக்கரம் சுழன்று குழி பறிக்கும். சுழல ஆரம்பித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். மேலும் அழுத்தினால் பள்ளம் ஆழமாகும். இழுக்கும் வண்டியின் சக்கரங்களுக்கு முன்னால் பலகை போட்டு மெதுவாக ஏற்றுங்கள். கரையிலிருந்து இரண்டாவது வரிசையில் சரளை போட்ட சமதளம் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஏரிக்கு நடந்து போக ஒரு நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

*

ட்ரெய்லரை நிறுத்தும் வரிசையை முதலில் எழுதிய அண்ணா விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். இதில் ஒரு படி முன்பின் ஆனாலும் ட்ரெய்லர் தண்ணீரை நோக்கி உருளக்கூடும்.

பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். வழி சொல்பவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

இழுக்கும் பிக்கப் வண்டியோடு பூட்டியிருக்கும்போதே முதலில் இடம் வலம் மட்டம் பாருங்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகை மீது ஏற்றுங்கள். இரட்டை அச்சு என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஏற வேண்டும், ஒன்று மட்டும் ஏறினால் சுமை முழுவதும் அந்த டயரில் விழும். பிறகு இரு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதன் பின்தான் ட்ரெய்லரை வண்டியோடு பூட்டும் ஹிட்ச்சைக் கழற்ற வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கடைசியாக எடுங்கள், ட்ரெய்லர் அசையாமல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு. முன் பின் மட்டத்தை முன்னால் உள்ள ஜாக்கால் சரிசெய்யுங்கள்.

நான்கு மூலை ஜாக்குகளும் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் ட்ரெய்லரைத் தூக்கினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும், கதவு சரியாக மூடாது. சேண்ட்பேங்க்ஸ் போன்ற மணல் தரையில் ஒவ்வொரு ஜாக்கின் கீழும் 30 செ.மீ. சதுரத்தில் 2 செ.மீ. தடிமனான ஒட்டுப்பலகை வையுங்கள். வெறும் ஜாக் இரவோடு இரவாக மணலில் இறங்கிவிடும்.

மட்டம் தூக்கத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். புரொப்பேனில் ஓடும் பழைய வகைக் குளிர்பெட்டிக்குள் அமோனியாக் கரைசல் தன் எடையால்தான் வழிந்து இறங்குகிறது. சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிச் சூடாகிக் குழாயை அடைத்துவிடும். அந்தச் சேதத்தைத் திருத்த முடியாது, குளிரூட்டும் பாகத்தையே மாற்ற வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை.

*

தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. சமைத்துச் சாப்பிடும் நம் வீடுகளுக்கு அதுதான் முக்கியம்.

நல்ல தண்ணீர்த் தாங்கி 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அது அச்சுக்குப் பின்னால் அமைந்திருந்தால், நிரப்பியதும் ஹிட்ச் மீது விழும் பாரம் குறையும். அந்தப் பாரம் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும். ஆடினால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் நம் சைட்டிலேயே குழாய் இருக்காது. பூங்காவுக்குள் நிரப்பும் குழாய் இருக்கும். வழியில் கழிவறைக்கு 20 லிட்டர் போதும், மிச்சத்தை உள்ளே போய் நிரப்புங்கள். குடிநீருக்கென்று விற்கும் வெள்ளைக் குழாயையே பயன்படுத்துங்கள், தோட்டத்துப் பச்சைக் குழாய் வேண்டாம்.

இனிக் கழிவுநீர். கழுவுகிற தண்ணீர் போகும் கிரே டாங்க்கில் சோற்றுப் பருக்கை, பருப்பு, தேங்காய்ப்பால் எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் நாளே வெயிலில் புளித்து நாறும். அளவு காட்டும் சென்சாரில் எண்ணெய் படிந்துவிட்டால், காலியான பின்பும் நிறைந்ததாகவே காட்டும். தட்டுகளைக் காகிதத் துண்டால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சிங்க்கில் மெல்லிய சல்லடை வையுங்கள். கஞ்சியை வடிக்காமல் தண்ணீர் அளந்து வைத்துப் பொங்குவது நல்லது. தாளிப்பதும் மீன் பொரிப்பதும் வெளி அடுப்பில்தான். உள்ளே செய்தால் மெத்தையிலும் திரையிலும் மணம் ஏறி அடுத்த வருடம் வரை போகாது.

நாலு பேர் ஆளுக்கு 3 நிமிடம் உள்ளே குளித்தாலே எழுபது லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். பூங்காவின் குளியலறையைப் பயன்படுத்துங்கள். கிரே தண்ணீர்தானே என்று குழாயைத் திறந்து புல்லில் விடுவது விதிமீறல். சோப்பும் உணவுக் கழிவும் மண்ணில் இறங்கி ஏரிக்குப் போகின்றன, பாசிக்குத் தீனி ஆகின்றன. நம் பிள்ளைகள் நீந்துகிற தண்ணீர் அது. பொதுக் குழாயடியில் பாத்திரம் கழுவுவதும் அப்படித்தான்.

கழிவறைத் தாங்கியின், அதாவது பிளாக் டாங்க்கின், வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். திறந்து வைத்தால் நீர் முதலில் ஓடிவிடும், திடக்கழிவு மட்டும் குவிந்து இறுகி மலை போல் நிற்கும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பின், கழிவு இறக்கும் இடத்துக்குப் போய் இறக்குங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். முடிந்ததும் பிளாக் தாங்கியில் 15 லிட்டர் நல்ல தண்ணீர் விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

*

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. சைட்டின் மின் இணைப்பு 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி சுமார் 13 ஆம்பியர், கெண்டி 12, மைக்ரோவேவ் 12. மூன்றும் ஒன்றாக ஓடாது. கெண்டி போடும் நேரம் ஏசியை நிறுத்துங்கள். மின்கம்பம் சில இடங்களில் தூரத்தில் இருக்கும், 25 முதல் 30 மீட்டர் வரை கனமான கேபிள் தேவைப்படும். மெல்லிய தோட்டத்துக் கேபிளில் வோல்ட்டேஜ் இறங்கி ஏசியின் மோட்டார் சூடாகும், செருகி உருகும்.

*

மிருகங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ரக்கூன் கையால் திறக்கத் தெரிந்த பிராணி. ஐஸ் பெட்டியின் மூடி, ஜிப், எதுவும் அதற்குத் தடையில்லை. மேசையில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் இருக்காது. உணவு, பற்பசை, சவர்க்காரம், நாய்ச் சாப்பாடு, எண்ணெய் படிந்த வெளி அடுப்பு எல்லாவற்றையும் இரவில் வாகனத்துக்குள் பூட்டுங்கள். கறுங்கரடி வந்தால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, உரத்துப் பேசியபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். அதற்குப் போக வழி விடுங்கள். உணவுக்குப் பழகிய கரடியைப் பூங்காக்காரர்கள் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது. நாம் விட்ட எலும்புக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

மே நடுப்பகுதி முதல் ஜூன் கடைசி வரை அல்கோன்குவின் பக்கம் கருங்கொசு (black fly) கடிக்கும். ஓடும் ஆற்று நீரில்தான் அது வளர்கிறது, அதனால் ஆற்றோர சைட்டில் கூடுதல். ஆகஸ்ட்டுக்குப் பிறகு போனால் நிம்மதி. தெற்கிலும் கிழக்கிலும் உண்ணி உண்டு. நடந்து வந்ததும் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின், அக்குள், தலைமயிர் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். முறுக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம்.

இன்னொன்று, வெளிச்சுவரில் இருக்கும் ஹீட்டர் துவாரத்தில் குளவியும் சிலந்தியும் கூடு கட்டும். அடைத்தால் சுவாலை சரியாக எரியாது. அதற்கென்று கம்பிவலை மூடி விற்கிறார்கள். விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். ஆஷ் (ash) மரங்களை அழித்த வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் பரவியது. பூங்காவிலேயே வாங்குங்கள்.

*

தண்ணீரைப் பற்றி நான் சேர்க்கிறேன். பான் எக்கோவில் மசினா ஏரியின் ஆழம் சுமார் 145 மீட்டர். கரையிலிருந்து எழுந்து நிற்கும் பாறைச்சுவரின் உயரம் 100 மீட்டர். அதில் பழங்குடி மக்கள் செங்காவியில் வரைந்த 260க்கு மேற்பட்ட ஓவியங்களைப் படகிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஜூனில் மேல் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தாலும் ஆழத்து நீர் சில்லென்றிருக்கும், விழுந்தால் மூச்சு இரைக்கும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடலில் கட்டியிருக்க வேண்டும்.

2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில், படகை ஓர் ஏரியிலிருந்து ஏற்றிக்கொண்டு கிளம்புமுன் செடிகொடியை அகற்றித் தண்ணீரை முழுக்க வடிப்பது சட்டம். கயாக்குக்கும் இது பொருந்தும். வரிக்குதிரைச் சிப்பி (zebra mussel) அப்படித்தான் பரவுகிறது. அதன் ஓடு காலைக் கிழிக்கும், ஒன்டாரியோ ஏரியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ச் செருப்பு போடுங்கள்.

கோடைக் கடைசியில் தண்ணீர் பட்டாணி சூப் போலப் பச்சையாகத் திரண்டிருந்தால் இறங்க வேண்டாம், நாயையும் விட வேண்டாம். அந்தப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆற்றோரம் என்றால் மேலே அணை உண்டா என்று கேளுங்கள். மழையே இல்லாமல் மதகு திறந்தாலும் நீர் ஏறும். மரங்களில், பாறைகளில் பழைய நீர்க்கோடு தெரியும். நாற்காலியும் ஜெனரேட்டரும் அதற்கு மேலே இருக்கட்டும்.

*

செப்டம்பர் இரவுகளுக்கு ஒரு கணக்கு. ஹீட்டர் எரிவது புரொப்பேனில் என்றாலும் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது, சுமார் 7 ஆம்பியர். இரவு 10 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 35 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். மின் இணைப்பில்லாத இடத்தில் முதல் இரவு தாங்கும், இரண்டாம் இரவு விடியுமுன் விசிறி நிற்கும்.

குளிரென்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நாலு பேரின் மூச்சு ஈரம் ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் தண்ணீராகப் படியும், பூஞ்சணம் பிடிக்கும். கூரைத் துவாரத்தை 3 செ.மீ. திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்சம் விடுங்கள். கார்பன் மோனாக்சைட் அலாரத்தைப் புறப்படுமுன் அழுத்திப் பாருங்கள். சூடேற்ற அடுப்பை எரிய விட வேண்டாம்.

பிற்பகல் ஏரிக்காற்று எழும்பும்போது, ட்ரெய்லரின் பக்கத்தில் விரிக்கும் துணி வெளிக்கூரையைச் சுருட்டிவிடுங்கள். மழையில் ஒரு மூலையைத் தாழ்த்தி வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தேங்கி அதைத் தாங்கும் கம்பி முறியும்.

*

அக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங்குக்குப் பிறகு ட்ரெய்லரைக் குளிர்காலத்துக்கு நிறுத்தி வைப்பவர்களுக்கு: வெந்நீர்த் தாங்கியை வடித்து, பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். திருப்பாவிட்டால், குழாய்கள் உறைந்து வெடிக்காமல் செலுத்தும் ஆன்டிஃபிரீஸ் 23 லிட்டர் அந்தத் தாங்கிக்குள் வீணாகும். திருப்பினால் 8 முதல் 12 லிட்டருக்குள் முடியும். ட்ரெய்லருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு வகைதான் வேண்டும், காருக்கு ஊற்றுவது நஞ்சு. ஒவ்வொரு குழாயிலும் சூடு, குளிர் இரண்டையும் இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து மூடுங்கள். வெளிச்சுவரில் சிறு கதவுக்குள் இருக்கும் ஷவர் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வசந்தத்தில் வெடித்து ஒழுகுவது பெரும்பாலும் அந்தக் குழாய்தான்.