48 மணி நேரக் கணக்கு மலைச்சரிவுக்குச் செல்லுமா?

சக்கரவாளம்:
வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு விதியை முடிவு செய்வோம். மழை நின்று 48 மணி நேரம் ஆகும்வரை எந்த ட்ரெயிலிலும் (மண் தடத்திலும்) சைக்கிள் இறங்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரிச் சரிவானாலும் கீழே கோவைப் பக்கத்துக் கரடானாலும் இதே கணக்குதான். “மண்ணைப் பார்த்து முடிவு பண்ணிக்கோங்க” என்று விட்டால் ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள், தடம் பூராவும் டயர்ப் பள்ளமாகும்.

கரிசல்காட்டான்:
நோக்கம் சரி சார், கணக்குதான் தப்பு. கோவை மாவட்டத்துக்குள்ளேயே செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கு. மணல் தூக்கலா இருக்கிற செம்மண் மணிக்கு 20–30 மி.மீ. தண்ணியை உறிஞ்சும். கனத்த களிமண்ணுக்கு 1–5 மி.மீ.தான். சரளை கலந்த மேட்டுல காலையில மழை விட்டா சாயங்காலமே ஓட்டலாம். லேசான ஈரத்துல டயர் பிடிமானமும் அங்கதான் நல்லா இருக்கும். அதை 48 மணி நேரம் பூட்டி வெச்சு என்ன லாபம்?

கரிசல் கதை வேற. முதல் மழையை வெடிப்பு விழுங்கிடும். அப்புறம் மண் உப்பி வெடிப்பு மூடிக்கும், மேல விழற தண்ணிக்குப் போக வழியில்ல. ரெண்டு நாள் வெயில் அடிச்சா மேல அப்பளம், கீழ அல்வா. டயர் அந்தத் தோலை உரிச்சு எடுத்து சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க் வளைவுல அடைச்சுக்கும், சக்கரம் சுத்தாது. அங்க நாலு நாள்கூடப் பத்தாது.

மேகமலையான்:
மண்ணைவிட நிழல்தான் முக்கியம் என்பேன். ஒரே லேட்டரைட் செம்மண். சில்வர் ஓக் நிற்கும் தேயிலைத் தோட்ட ஓரம் ஒரே நாளில் காய்கிறது, வாட்டில் மரம் அடர்ந்த இடம் ஒரு வாரமானாலும் சொதசொதவென்று கிடக்கிறது. தடத்தின் இருபுறமும் 3 மீட்டருக்கு மரத்தை வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சோலைக்குருவி:
மரத்தை வெட்டச் சொல்வதை ஏற்க முடியாது (அனுமதி கிடைக்குமா என்பது தனிக் கேள்வி). நிழலும் காற்றில்லாததும் ஆவியாவதைக் குறைக்கும், உண்மை. மழை விட்ட பிறகும் இலை சொட்டும். மூடுபனி நாளில் திறந்தவெளி காய்ந்திருக்க, மரத்தடி மட்டும் நனைவதும் உண்டு. ஆனால் லேசான தூறலில் பெரும் பங்கை இலையே தாங்கிக்கொள்கிறது. அடிமண்ணில் இருக்கும் ஈரத்தை வேர் இழுக்கிறது. வெட்டினால் மேல் ஒரு அங்குலம் சீக்கிரம் காயும், அதன் கீழே முன்பைவிட ஈரம் நிற்கும். வேர் செத்தால் சரிவின் பிடிப்பும் போகும். வாட்டிலடியில் செய்ய வேண்டியது, தடத்தின் மேல் ஈரத்தை மூடிக்கிடக்கும் சருகை வாரியால் கீழ்ச்சரிவுப் பக்கம் தள்ளுவதுதான்.

இன்னொன்று, “தெற்குச் சரிவு சீக்கிரம் காயும்” என்று அமெரிக்க, ஐரோப்பியப் பக்கங்களில் படித்துவிட்டு இங்கே அப்படியே சொல்கிறார்கள். நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு 11 பாகைச் சொச்சம் வடக்கில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும், அப்போது வடக்குச் சரிவு தாமதமாகக் காயும். ஜூனில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் அந்த வித்தியாசம் தலைகீழ்.

மேகமலையான்:
வெயில் கணக்கை ஏற்கிறேன். சருகை வாரினாலும் குட்டையாகத் தேங்கும் இடத்துக்கு என்ன செய்வீர்கள்?

கரிசல்காட்டான்:
அது நிழல் பிரச்சினையே இல்லைங்க, தடத்தோட வடிவம். டயர் ஓடி ஓடி நடுவுல கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும், வெளி ஓரத்துல ஒரு வரப்பு எழும்பியிருக்கும். முதல்ல மண்வெட்டியால அந்த வரப்பை வெட்டி எடுங்க. தடம் கீழ்ச்சரிவுப் பக்கம் 3–5 சதவீதம் சாய்ஞ்சிருக்கணும். தேங்குற இடத்துல 3 மீட்டர் நீளத்துக்கு அரைவட்டமா சீவி, நடுவுல 15 சதவீதம் வரை வெளிய சாய்ச்சா தண்ணி தானா இறங்கிடும். வாய்க்கால் மட்டும் கீறி விடாதீங்க, ரெண்டு மழையில சருகு அடைச்சுக்கும்.

தடத்தோட ஏற்றம் மலைச்சரிவோட ஏற்றத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. போனா தண்ணி குறுக்கே கடக்காம தடத்தையே ஓடையாக்கிடும். சமதளமும் மோசம்தான், அங்க தண்ணிக்கு இறங்க இடமே இல்ல.

சக்கரவாளம்:
எல்லாம் சரி. காலை ஆறு மணிக்கு வருபவரிடம் மண் வகை, சூரியன் கோணம் எல்லாம் சொல்லி நிறுத்த முடியுமா? 48 என்று பலகையில் எழுதினால் நிற்பார்.

சோலைக்குருவி:
பலகையில் எண்ணுக்குப் பதில் ஒரு சோதனையை எழுதலாம். 5 செ.மீ. தோண்டி ஒரு சிட்டிகை மண் எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு உள்ளங்கையில் உருட்ட வேண்டும். 3 மி.மீ. தடிமனுக்கு, இடியாப்ப இழையைவிடக் கொஞ்சம் பெரிதாக, முறியாமல் திரியாக வந்தால் மண் இன்னும் குழைவாக இருக்கிறது, டயர் பதியும். அதற்கு முன்பே உதிர்ந்தால் ஓட்டலாம். மணல் தடத்தில் இழையே வராது, அங்கே இந்தச் சோதனை வேண்டியதில்லை.

கரிசல்காட்டான்:
எங்க தோண்டணும்னும் எழுதணும். நுழைவாயில் பக்கம் எப்பவுமே காய்ஞ்சுதான் இருக்கும்.

சக்கரவாளம்:
அதனால்தான் வருகிறவர் கையில் விடப் பயம். ஒருவரே தினமும் வாட்டில் அடர்ந்த வளைவின் தாழ்ந்த இடத்தில் எடுத்து உருட்டி, பலகையை மாற்றட்டும். கரிசல் தடத்துக்கு மட்டும் குறைந்தது 48 என்பதை நான் விடமாட்டேன்.