கன்னங்குறிச்சியில் மாடித்தோட்டம்: உப்புத் தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். இந்த ஆடிப்பட்டத்தில் மாடியில் காய்கறி போடலாம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். இருவருக்கும் இது புதுசு. கத்தரி, வெண்டை, மிளகாய், அப்புறம் ஒரு பையில் அரைக்கீரை. முதல் தடவைக்கு இது போதும்.

செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டிருக்கிறோம். கத்தரி, மிளகாயை நாற்றுவிட்டு நடுவோம், வெண்டையை நேராகப் பையிலேயே ஊன்றுவோம். இதுவரை சரிதானே?

பெரிய கவலை தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அம்மாவின் துளசித் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மண் மேலும் மெல்லிய ஏடு கட்டி, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. துளசி தாங்கிவிட்டது. மிளகாயும் கீரையும் தாங்குமா? மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, அடித்துளை வழியே வடியும்வரை அவ்வப்போது ஊற்றினால் உப்பு இறங்கும் என்கிறார்கள். போர் தண்ணீரை வைத்தே காய் பறித்தவர்கள் இருந்தால், எப்படிச் சமாளித்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏற்காட்டில் இருக்கும் சித்தி, காப்பித் தோட்டத்து மண் ஒரு மூட்டை தருகிறேன் என்கிறார். கறுப்பாக, பொலபொலவென்று அருமையான மண். ஆனால் காப்பிக்குப் பிடித்தது அமிலத்தன்மையுள்ள மண் ஆயிற்றே, வெண்டைக்கு ஒத்துவருமா? மண்ணோடு வேரைத் தாக்கும் நூற்புழுவும் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், தண்ணீர் பரிசோதனைக்குக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு மண் எடுத்துப் போக வேண்டும், முடிவு வர எத்தனை நாள் ஆகும்? ஆடி பிறப்பதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.