பதில்: ‘நோய் நடத்தை’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் குழுவில் முன்வைத்த மருத்துவக் கலைச்சொற்களுக்கு இது என் பதில்: inflammation என்பதற்கு ‘அழற்சி’, நோயுற்றபோது உடம்பும் மனமும் ஒடுங்கிப்போகும் sickness behaviour என்பதற்கு ‘நோய் நடத்தை’, inflammatory depression என்பதற்கு ‘அழற்சி மன அழுத்தம்’.

‘அழற்சி’யில் எனக்குத் தகராறு இல்லை. அழல் என்றால் நெருப்பு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி நான்கும் அந்த வேருக்குள் அடங்கிவிடுகின்றன. என் தகராறு ‘நோய் நடத்தை’யோடுதான். நடத்தை என்றதும் பள்ளிக்கூடத்து நடத்தைச் சான்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது. முடியாமல் படுத்திருப்பவருக்கா அதைக் கொடுப்பது?

தொற்று வந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன்கள் எனும் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. செய்தி மூளைக்கு எட்டியதும் பசி அற்றுப்போகிறது, உடம்பு படுக்கையைத் தேடுகிறது, யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. இது கோளாறு அன்று, பிழைப்பதற்கான உத்தி என்று 1988இல் எழுதிய பெஞ்சமின் ஹார்ட் ஒரு கால்நடை மருத்துவர். நமக்கு வேண்டிய சொல்லும் தொழுவத்துப் பக்கம்தான் கிடக்கிறது.

உசிலம்பட்டியில் என் அத்தை வீட்டுக் கோழி சில நாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் செருகி, கம்பு இறைத்தாலும் வராமல் சுவரோரம் நிற்கும். “சுணங்கி நிற்கிறது, தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வை” என்பார் அத்தை. காய்ச்சல் காணுமுன் மடியில் சாயும் பிள்ளைக்கும் அவரிடம் அதே சொல்தான். ஆகவே, நோய்ச்சுணக்கம்.

நாளிதழில் ‘சாலைப் பணியில் சுணக்கம்’ என்றால் தாமதம் ஆயிற்றே என்கிறார் நம் குழுவின் மருத்துவர் ஐயா. உண்மைதான், ஆனால் முன்னால் ‘நோய்’ நிற்கும்போது சாலைப் பணி யாருக்கு நினைவு வரும்? சங்கப் பாட்டில் சுணங்கு என்றால் தேமல் என்று புலவர் ஐயா எழுந்து வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நான் கேட்பது சுணக்கம், சுணங்கு அன்று.

அடுத்தது, ‘அழற்சி மன அழுத்தம்’. அழுத்தம் வேலைப்பளுவால் வருவது. இங்கே வேண்டியது மனச்சோர்வு. ‘அழற்சிசார் மனச்சோர்வு’ என்போம். அந்தச் ‘சார்’ அலங்காரத்துக்கு அன்று. ஹெப்படைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனை ஊசியாகப் போட்ட காலத்தில் பலருக்குச் சில வாரங்களிலேயே மனச்சோர்வு கண்டது. அங்கே அழற்சியின் கை தெரிகிறது. ஆனால் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை, வழக்கமான மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வில் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், மொத்தத்தில் பலன் இல்லை, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தென்பட்டது. எல்லாச் சோர்வுக்கும் அழற்சியே காரணம் என்று படிப்பவர் எண்ணிவிடக் கூடாது.

சைட்டோகைனுக்கு வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். ஒன்றும் வாயில் நுழையவில்லை. அதை அப்படியே விட்டுவிடலாமே.

திருமங்கலத்திலிருந்து,
உங்கள் மொழிபெயர்ப்பாளன்