ஆழாக்கில் அளந்த பின்னப் பெருக்கல்

ஆசிரியர் பட்டயப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில், கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு நடுநிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தபோது எனக்கு நேர்ந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். பின்னங்களின் பெருக்கலை நடத்த வேண்டும் என்று சொன்னதும், இரண்டு இரவுகள் விழித்திருந்து வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி, கண்ணைப் பறிக்கும் ஓர் அட்டையைத் தயாரித்தேன். வகுப்பு கலகலப்பாகவே நடந்தது. தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்கி, 1/2 × 1/4 = 1/8 என்று அனைவரும் பிழையின்றி எழுதினார்கள். பின்வரிசையில் அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியை எழுந்து, "1/4 பெரிதா, 1/8 பெரிதா?" என்று மட்டும் கேட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் 1/8 என்றார்கள். நான்கைவிட எட்டு பெரியது. அதிலும் பெருக்கினால் எண் கூடத்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "உங்கள் வீட்டில் பழைய படி, ஆழாக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். பாட்டி வீட்டுப் பரணில் தானியம் அளக்கும் பாத்திரங்களான படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கும் கிடைத்தன. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு என்று அவை பாதி பாதியாகவே இறங்குகின்றன.

மறுநாள் உழக்கு நிறைய அரிசியை மேசைமேல் வைத்து, இது கால் படி என்று சொல்லி, இதில் பாதி ஒரு படியில் எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டேன். உடனே அளந்து காட்டிவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைச் சிலேட்டில் எழுதும்வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புதான் எனக்குக் கடினமான பாடமாக இருந்தது. பிறகு ஒரு மாணவி ஆழாக்கால் அளந்து படியை நிரப்பினாள். எட்டு முறை ஊற்ற வேண்டியிருந்தது. காலில் அரை என்பதால் நம் முன்னோர் இதை அரைக்கால் என்றார்கள் என்று நான் சொன்னதும், "சட்டை!" என்று வகுப்பே கத்தியது. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. ஆயினும் பெருக்கலைத் தன் பெயருக்குள்ளேயே வைத்திருக்கும் அந்தச் சொல்லை அதன்பின் யாரும் மறக்கவில்லை.

முக்கால் படியில் பாதி எவ்வளவு என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிட்டேன். மூன்று உழக்கு அரிசியை இருவர் பங்கிட்டபோது, ஆளுக்கு ஓர் உழக்கு போக, எஞ்சிய உழக்கை ஆளுக்கோர் ஆழாக்காகப் பிரித்துக்கொண்டார்கள். காலும் அரைக்காலும் சேர்ந்தது 3/8 என்பதை அவர்களே கண்டறிந்த பிறகுதான் 1/2 × 3/4 என்று கரும்பலகையில் எழுதினேன். பழைய எண்சுவடியில் இதற்குக் காலே அரைக்கால் என்று பெயர்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "மூணுல ஒண்ணுக்கு எந்தப் பாத்திரம் சார்?" என்று கேட்டான். என்னிடம் இருந்த நான்கில் எதுவும் அதற்கு உதவாது. ஒரு நீளத் தாளை அவனிடம் கொடுத்து, மூன்று சம பாகங்களாக மடிக்கச் சொன்னேன். மணி அடித்த பின்னும் மடித்துக்கொண்டிருந்தான்.